பெரிய எழுத்தில் ஒரு பெயர்

அதை மடக்கிவிடாதே அம்மா. உள்ளே ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. மடித்தால் நெற்றிக்குக் குறுக்கே கோடு விழுந்துவிடும்.

ஃப்ளெக்ஸ்தான். விழாவுக்கு. மேலே கம்பியில் வைக்கலாம் என்றால் அந்தப் பெரியவர் வாழைக்காய்ச் சாக்கை நீளவாக்கில் கிடத்தியிருக்கிறார். கண்டக்டர் இதற்கும் லக்கேஜ் போடுவேன் என்கிறான். "ஏம்ப்பா, இது என்ன ஆடா, மாடா?" என்று கேட்டேன். "ஆடுன்னா மடியில வச்சுக்கலாம் பாட்டி, இது ஆள் உசரத்துக்கு நிக்குதே" என்கிறான். சிரித்துவிட்டேன். நீ ஜன்னல் ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள். கோட்டைப்புதூரில் இறங்கும்போது வாங்கிக்கொள்கிறேன். நீ அதையும் தாண்டிப் போகிறாயா? நல்லதாகப் போயிற்று.

நான் பேசுவது தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடு. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாயே, அதனால் கேட்டேன். கல்லூரியில் தமிழ் நடத்தியவள் நான். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இப்போது யாரும் காத்திருப்பதில்லை. அவர் போய்விட்டார். மகன் அமெரிக்காவில். அங்கேயே நிலையாக இருக்க ஏதோ ஓர் அட்டைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான், இன்னும் கிடைக்கவில்லை, பாவம். "அவனும் ஒரு வகையில் அகதிதான்" என்று கஜந்தினியின் அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். துயரம் துயரத்தை அறியும் இல்லையா?

கஜந்தினி யார் என்று சொல்லவில்லையே. எங்கள் ஊருக்கு வெளியே, அணைக்கட்டுக்குப் பின்னால் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. நீ பார்த்திருக்க மாட்டாய், சாலையிலிருந்து தெரியாது. அங்கிருந்து யோகலிங்கம் என்ற மனிதர் என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார். அந்த முகாமில் ஆண்கள் எல்லோருக்கும் அதுதான் வேலை. ஊரில் உள்ள வீடெல்லாம் அவர்கள் பூசிய நிறம். லீவு நாளில் அவரோடு அவர் மூத்த மகளும் வருவாள், சுவரைத் தேய்த்துக் கொடுக்க. அவள்தான் கஜந்தினி. பிளஸ் டூ முடித்திருந்தாள். இமையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அந்தத் தூளோடு என் புத்தக அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள் ஒரு நாள். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புத்தக முதுகுகளில் இருந்த பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று உடைந்தது.

வாழ்நாளெல்லாம் நெய்தல் நடத்தியவள் அம்மா நான். கடற்கரை, பிரிவு, இரங்கல். கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த கடல், பெண்ணாகி என் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கிறது என்று தோன்றியது.

"உங்க ஊர்க் கடல் எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"நான் பாத்ததில்லை டீச்சர். நான் இங்க ஜி.எச்.லதான் பொறந்தேன்."

அப்படித்தான் சொன்னாள். நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். அப்பாவிடம் திரும்பி, "அப்பா, அந்தப் பக்கம் இன்னும் காயேல்லை" என்றாள். இரண்டு நாக்கு அவளுக்கு. என்னிடம் அந்த இன்னொரு நாக்கில் பேச மாட்டேன் என்பாள். நான் கெஞ்சுவேன். அந்தத் தமிழைக் கேட்டால் எனக்குக் கண் நிறைந்துவிடும். "பேசேன், ஒரே ஒரு வரி பேசேன்" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

தமிழ் படிக்கச் சொன்னேன். நர்ஸ் படிக்கத்தான் ஆசை என்றாள். அந்த முகாமில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் ஆட்டோ உள்ளே வருவதில்லையாம், ரோடு சரியில்லையாம். அவள் அம்மா புஸ்பராணி கைப்பந்தம் போல டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். சரி, அவள் விருப்பம். மதிப்பெண் இருந்தது. ஆனால் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல் கேள்வி, நீ எந்த நாடு? அதற்கு அவளிடம் பதில் இல்லை. பிறந்த நாடு ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளும் நாட்டை அவள் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் ஊர் நர்சிங் கல்லூரியில் ரூத் எஸ்தர் என்று ஒரு பிரின்சிபால். என்னை விட இளையவள்தான். குள்ளமாக, எப்போதும் அவசரமாக நடப்பாள். நானே கஜந்தினியை அழைத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"மேடம், ஒரு இடம் காலியா கிடக்குது. மேல இருந்து யாரும் எங்கிட்ட கேக்கல, நானும் யாருக்கும் சொல்லல. பொண்ணு வரட்டும், உக்காரட்டும், படிக்கட்டும். முதல் வருஷப் பரீட்சை எழுதிட்டான்னா அதுக்கப்புறம் யாரும் அவளை எழுப்ப முடியாது. அதுவரைக்கும் சத்தம் மட்டும் வேண்டாம். இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் ரெண்டு பிள்ளைங்க படிச்சிட்டுப் போச்சு. இப்ப நல்லா இருக்காங்க."

கஜந்தினி தலையை ஆட்டினாள். புஸ்பராணி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்தது. நல்ல காரியத்தை ஏன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும்? திருட்டா இது?

நீ சாப்பிடு. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறாயே.

முதல் நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள் தெரியுமா? முகாமுக்குக்கூடப் போகவில்லை. வெள்ளை. அவள் அப்பா பூசிய என் வீட்டுச் சுவரும் வெள்ளை. அதன் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். அந்த முகம் இருக்கிறதே. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு முகம் பார்த்ததில்லை. அன்றைக்கு மாலை முகாமில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் ஓர் அறை, நடுவில் சேலைத் தடுப்பு. புஸ்பராணி வெறும் தேநீர் கொண்டுவந்தாள், பால் இல்லை, சர்க்கரையும் இல்லை. முகத்தைச் சுளித்துவிட்டேன். "கையை நீட்டுங்கோ டீச்சர்" என்று சொல்லி உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டினாள். அதை நக்கி நக்கிக் குடிக்க வேண்டுமாம். அவர்கள் வீட்டு வழக்கம். சின்னவள் தர்மிகா என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு, "டீச்சர் கை முழுக்க எறும்பு வரப்போகுது" என்று. நான் அந்தக் கையை அன்று இரவு கழுவாமல் படுத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

எங்கள் ஊரில் இலக்கியப் பேரவை ஒன்று நடத்துகிறோம். ஆண்டுவிழாவுக்கு யாரையாவது பாராட்ட வேண்டும். எப்போதும் அதே பெரிய மனிதர்கள், அதே பொன்னாடை. நான்தான் எழுந்து சொன்னேன், இந்த ஆண்டு ஓர் அகதிப் பெண்ணைப் பாராட்டுவோம் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பேசி நெடுநாளைக்குப் பிறகு ஒரு கூட்டம் கைதட்டியது.

கஜந்தினியிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் டீச்சர். பரீட்சை முடியட்டும்."

"பரீட்சைக்கும் பாராட்டுக்கும் என்னம்மா?"

"எஸ்தர் மேடம் சத்தம் வேண்டாம்னாங்க."

"நாலு நல்ல சொல் சத்தமா?"

பிறகு குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவளுக்கு எப்போதும் தன்னடக்கம் அதிகம். எனக்குச் செய்த ஒரே மறுப்பு அதுதான், அதையும் முழுதாகச் செய்யத் தெரியவில்லை. நான்தானே கல்லூரிக்கு அழைத்துப் போனவள். என் முகத்துக்கு நேரே எப்படி முடியாது என்பாள்?

கல்லூரிக்கு எதிரே, நாற்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். யூனிஃபார்மில் அவள் படம், நான் எடுத்தது. மேலே, "கடல் கடந்து வந்த கண்ணீர், கல்வியில் பூத்தது" என்று நான் எழுதிய வரி. கீழே அவள் பெயர், முகாமின் பெயர், கல்லூரியின் பெயர். பெயர்களைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். ஒரு நாடே பெயரைப் பதிந்துகொள்ளாத பெண் அம்மா அவள். ஒரு தடவையாவது தன் பெயரை அவ்வளவு பெரிதாகப் பார்க்கட்டுமே என்றுதான்.

மேடையில் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "படகில் வந்ததைச் சொல்லு" என்றேன். "நான் வரலையே டீச்சர்" என்றாள். "உன் அம்மா வந்தாள் அல்லவா? அவள் வயிற்றில் உன் உயிரின் விதை இருந்தது அல்லவா?" நானே எழுதிக் கொடுத்தேன். அலை, இருட்டு, ஈரச் சேலை, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட விடியல். அவள் வாசித்தாள். அந்தத் தமிழில், நான் கேட்டுக் கேட்டுத் தராத அந்தத் தமிழில். முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவள் மட்டும் அழவில்லை. தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வாசித்து முடித்து, பொன்னாடையைப் போர்த்தியபோது, கூட்டத்தின் கடைசியில் யாரையோ பார்த்தாள். ரூத் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். மேடைக்கு அழைத்தேன். வரவில்லை. திரும்பி நடந்துவிட்டாள். அழைப்பிதழில் பெயர் போடவில்லை என்று கோபம் போலிருக்கிறது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. மாவட்டப் பக்கத்தில், படத்தோடு.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அந்த நாற்சந்தியில்தான் தினமும் பஸ்ஸுக்கு நிற்பவர் ஒருவர். அவர் மகளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையாம். படத்தைப் பார்த்திருக்கிறார். என் பிள்ளைக்கு இல்லாத இடம் நாடில்லாத பிள்ளைக்கு எப்படி என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியுமா, அவரும் தகப்பன். ஆனால் ரூத் எஸ்தர்! எழுந்து நின்று, ஆம், நான்தான் சேர்த்தேன், இது நியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? விளக்கம் கேட்டு மேலிருந்து ஆள் வந்தது. அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கஜந்தினியை, "அனுமதி வரும்வரை வீட்டில் இரு" என்றார்கள். அனுமதி வரவில்லை. பரீட்சை வந்தது, போனது. கோழைத்தனம் ஒரு பெண்ணின் படிப்பைத் தின்றுவிட்டது அம்மா. இன்றைக்கும் எனக்கு ரூத் எஸ்தர் மேல்தான் ஆற்றாமை.

இல்லை, நீ ஏதோ சொல்ல வந்தாயே? சரி, நான் முடித்துவிடுகிறேன்.

முகாமுக்குப் போனேன். யோகலிங்கம் வீட்டில்தான் இருந்தார். வெளியூர் வேலைக்குப் போக அவருக்கு அனுமதி தரவில்லையாம் கொஞ்ச நாளாக. உன் மகளை மேடையில் பேச யார் விட்டது என்று விசாரணையாம். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவ்வளவு நாகரிகமான மனிதர்கள். சொல்லப்போனால் முன்னைவிட மரியாதை கூடியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார்கள். தர்மிகாவை ஓடவிட்டுக் கடையிலிருந்து பால் டீ வாங்கிவரச் சொன்னார்கள், காகிதக் கோப்பையில், சர்க்கரை போட்டுக் கலக்கி. அதிகாரிகள் வந்தால் அப்படித்தான் கொடுப்பார்களாம். புஸ்பராணி நின்றுகொண்டே இருந்தாள். கஜந்தினி சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் பாதம் மட்டும் தெரிந்தது.

"கஜந்தினி, நான் விட மாட்டேன் அம்மா. முதலமைச்சர் வரைக்கும் எழுதுகிறேன். இன்னொரு கூட்டம் போடுவோம்" என்றேன்.

அந்தப் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். "என்ன விலையில பாக்கறீங்க மேடம்?" என்று கேட்டாள். என்னை! டீச்சர் என்று கூப்பிடவில்லை. நான் உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாகப் பிரிக்கச் சொன்னேன், அவளோடு கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று. பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னேன், "உங்களோடு நிற்பது யார் தெரியுமா? இவளைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கிறது. ஈழத்துப் பெண்." அந்தப் பெண்கள், "அப்படியாடி? சொல்லவே இல்ல?" என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சேலையை மடித்துக்கொண்டே, மிகவும் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என்னைப் பற்றி ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லாதேங்கோ, டீச்சர்."

அந்தத் தமிழ்! நான் கெஞ்சாமலே. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வைதான் வேறு மாதிரி இருந்தது. கோபம் இல்லை அம்மா. கோபமாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். தூரத்தில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுத்த முறை போனபோது அந்தக் கடையிலும் இல்லை. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால், "நின்னுட்டாங்க" என்கிறார்கள்.

ஏன் அம்மா? நான் என்ன கேட்டேன் அவளிடம்? வீட்டில் அவள் குடித்த டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன்.

இதோ, துக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் கண் கலங்கிவிட்டாய். இப்போது நல்ல செய்தி. இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் கோட்டைப்புதூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தேன். டவுன் பஸ்ஸில் வெள்ளை யூனிஃபார்மில் ஒரு பெண். தர்மிகா! அந்தச் சின்னவள், எறும்பு வரும் என்று சிரித்தவள். "தர்மிகா" என்று கூப்பிட்டேன். திரும்பினாள், என்னைக் கண்டதும் அப்படியே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். என்னை அடையாளம் தெரியவில்லை போல. ஆனால் நான் அந்தச் சட்டையில் இருந்த கல்லூரிப் பெயரைப் பார்த்துவிட்டேன்.

யோசித்துப் பார். அக்கா தவறவிட்டதைத் தங்கை பிடித்துவிட்டாள்! புஸ்பராணிக்குப் போன் செய்தேன். என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கட சின்னவள் படிக்கேல்லை டீச்சர். நீங்கள் வேற ஆரையோ பாத்திருக்கிறியள்." கண்ணேறு பட்டுவிடும் என்று பயம் அவர்களுக்கு. எவ்வளவு பட்டவர்கள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வலித்தது. இந்தப் பயத்தைத்தான் அம்மா நாம் போக்க வேண்டும். எத்தனை நாள் சேலைக்குப் பின்னால் ஒளிந்து வாழ்வது?

வயதைக் கணக்குப் போட்டால் முதலாண்டுதான் படிக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆமாம், நீ பிடித்திருப்பதில் இருப்பது தர்மிகாதான். படம் பழையது, முகாமில் எடுத்தது. யூனிஃபார்மைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது தெரியுமா? கல்லூரிப் பெயர் இருக்கிறதாவா? இல்லாமல்? அதுதான் பெரிய எழுத்தில். அந்தக் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே ஒரு மண்டபம் பேசிவிட்டேன். இன்று மாலையே கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். தர்மிகாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வாசலை விட்டு வெளியே வந்ததும் தன் முகத்தைத் தானே பார்ப்பாள். கஜந்தினி எங்கிருந்தாலும் அவளுக்கும் சேதி எட்டும். விழாவுக்கு வராமல் இருப்பாளா?

நீயும் வாயேன். உன்னைப் போன்ற பிள்ளைகள் வர வேண்டும்.

என்ன? கட்ட வேண்டாமா? நீயும் அதையே சொல்கிறாயே! உங்கள் தலைமுறைக்கு என்னதான் ஆயிற்று? எல்லோருக்கும் இருட்டுதான் வேண்டியிருக்கிறது. எதற்கு என் கையைப் பிடிக்கிறாய்? பரீட்சை முடியட்டும் என்கிறாயா? அட, நீ கஜந்தினி மாதிரியே பேசுகிறாய். பேச்சை விடு. அந்தப் புளியமரம் வந்துவிட்டது, அடுத்தது என் நிறுத்தம்.

நான் முதலில் இறங்கட்டுமா? நீ ஜன்னல் வழியாகக் கொடுக்கிறாயா? நல்ல பிள்ளை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அதையும் தூக்கி இறங்குவது கஷ்டம்தான்.

மெதுவாகப்பா, கண்டக்டர், மெதுவாக.

இறங்கிவிட்டேன். கொடு அம்மா, இந்தப் பக்கம். கையை நீட்டிவிட்டேன் பார். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? விசில் அடித்துவிட்டானே, கொடு. ஏய், பாப்பா! பாப்பா!

*

தம்பி, ஒரு டீ கொடு. இல்லை, ஒன்றுமில்லை, பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். என் சாமான் ஒன்று அந்த வண்டியிலேயே போய்விட்டது. நகை இல்லை, பணம் இல்லை. ஃப்ளெக்ஸ். அந்தப் பெண் கொடுக்க மறந்துவிட்டாள். கையில் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனாலும் மறந்துவிட்டாள்.

அடுத்த வண்டியைப் பிடித்து யாரும் துரத்த வேண்டாம், தம்பி. கடைக்காரரிடம் படம் இருக்கிறது. ஒரு போன் செய்தால் இன்னொன்று அடித்து அனுப்பிவிடுவார். நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது. செய்கிறேன். இந்த டீயைக் குடித்துவிட்டுச் செய்கிறேன்.

பஸ் திரும்புகிறவரை ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த பார்வை அது. சேலைக் கடையில் பார்த்தது. ஊர் தெரியாத பெண், பெயர்கூடக் கேட்கவில்லை நான். அவளுக்கும் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? நான் இவர்களுக்கெல்லாம் என்ன செய்துவிட்டேன், சொல்லு.

சர்க்கரை போட்டுவிட்டாயா? போடாதே. பாலும் வேண்டாம். வெறும் டீயாகக் கொடு. சர்க்கரையைத் தனியாக இந்த உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டு.

சிரிக்காதே அப்பா. கொட்டு.

இன்னும் கொஞ்சம். பாதி கீழே போய்விட்டது. இந்தப் போனைக் கொஞ்சம் பிடித்துக்கொள், கையெல்லாம் சர்க்கரை.